வாடிக்கையாளர் நாவில் நிற்கும் பெயர்: ஜப்பானில் தொழில் தொடங்கும் அயல்நாட்டவரும் நிறுவனப் பெயரும்

1859-இல் யோகோஹாமா துறைமுகம் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. கடற்கரையை ஒட்டி அயல்நாட்டவருக்கென்று மனைகள் பிரித்து எண்ணிடப்பட்டன. முதல் எண் மனையில் ஜார்டின் மேத்திசன் என்ற பிரிட்டிஷ் வணிக நிறுவனம் அமர்ந்தது. பட்டும் தேயிலையும் விற்க வந்த ஜப்பானிய வணிகர்கள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்து நாக்கை வருத்திக்கொள்ளவில்லை. 'எய் இச்சிபன்கன்', அதாவது ஆங்கிலேயரின் முதலாம் எண் மாளிகை, என்று தாங்களே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். வால்ஷ் ஹால் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு 'அமே இச்சி', அமெரிக்கரில் முதலாவது, என்று பெயராயிற்று. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போன கடிதங்களில் ஒரு பெயர், யோகோஹாமாத் தெருவில் வேறொரு பெயர் என்று அந்த நிறுவனங்கள் இரட்டைப் பெயரோடு வாழ்ந்தன. அன்று அதனால் நட்டமில்லை. வாங்குபவரும் விற்பவரும் சில நூறு பேர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இன்று பெயரைத் தேடுபொறியில் தட்டச்சு செய்து, தொலைபேசியில் உச்சரித்து, வங்கிப் படிவத்தில் எழுதித்தான் வாடிக்கையாளர் ஒரு நிறுவனத்தை வந்தடைகிறார். அவர் தாமாக ஒரு பெயர் சூட்டிக்கொள்ளும் வரை சிறு தொழில் முனைவோரால் காத்திருக்க முடியாது.

ஜப்பானிய வாடிக்கையாளரை நம்பித் தொழில் தொடங்கும் அயல்நாட்டவர் பெரும்பாலும் தம் மொழியிலோ ஆங்கிலத்திலோ ஒரு பெயரைத் தேர்ந்து, சின்னம் வரைந்து, இணைய முகவரி வாங்கிய பிறகுதான் 'இதை ஜப்பானிய மொழியில் எப்படி எழுதுவது?' என்று கேட்கிறார்கள். அந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். அயல்மொழிப் பெயர்களை எழுத ஜப்பானியர் பயன்படுத்தும் கத்தகானா எழுத்தில் அப்பெயர் எப்படி ஒலிக்கிறதோ, எப்படிச் சுருங்குகிறதோ, எந்தச் சொல்லை நினைவூட்டுகிறதோ, அதுவே அந்த நாட்டில் அதன் உண்மையான பெயர். ரோமன் எழுத்தில் உள்ளது அதன் இரண்டாம் வடிவம். எனவே கத்தகானா வடிவத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். மொழியின் அமைப்பும், பதிவுச் சட்டமும், ஜப்பானிய வணிக வரலாறும் இந்த முடிவுக்கே கொண்டு சேர்க்கின்றன.

ஒலியும் மாத்திரையும்

ஜப்பானிய மொழியில் உயிரொலிகள் ஐந்து. ஏறத்தாழ எல்லா எழுத்தும் உயிரில் முடியும். தனித்து நிற்கும் மெய் ஒரு வகை னகரம் மட்டுமே. மெய்கள் அடுத்தடுத்து வந்தால் இடையில் ஓர் உயிர் நுழைக்கப்படும். தமிழர்க்கு இது எளிதில் விளங்கும். 'பஸ்' என்பதை 'பஸ்ஸு' என்றும் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூலு' என்றும் நம் பேச்சு மாற்றிக்கொள்வதும் இதே தேவையால்தான். ஜப்பானியர் சொல்லை அளக்கும் அலகும் நம் இலக்கணம் சொல்லும் மாத்திரைக்கு நெருக்கமானது: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. நாம் மெய்க்கு அரை மாத்திரை தருகிறோம். அவர்கள் தனித்த னகரத்துக்கும் இரட்டிக்கும் மெய்யின் முதற்பாதிக்கும் முழு மாத்திரை தருகிறார்கள். நெடிலைக் குறிலாக்கினால் சொல்லே மாறிவிடும் என்ற விதி இரு மொழிக்கும் பொது.

ஆங்கிலத்தில் மூன்று அசையாக ஒலிக்கும் மெக்டொனால்ட்ஸ், 1971 ஜூலையில் டோக்கியோவின் கின்சா பகுதியில் முதல் கடை திறந்தபோது ம, க்கு, டோ, ன, ரு, டோ என்று ஆறு மாத்திரைப் பெயராயிற்று. அங்கே அத்தொழிலைத் தொடங்கிய ஃபுஜிதா டென், அமெரிக்க உச்சரிப்புக்கு நெருக்கமான எழுத்தைத் தேடாமல், ஜப்பானிய நாவுக்கு ஒரே சீரில் வரும் இந்த வடிவத்தையே நிலைநாட்டினார். அந்நிறுவனத்தின் கோமாளி உலகெங்கும் ரொனால்ட், ஜப்பானில் டொனால்ட். வாடிக்கையாளர்கள் அதையும் சுருக்கினார்கள். டோக்கியோ பக்கத்தில் 'மக்கு', ஒசாகா பக்கத்தில் 'மக்குடோ'. ஸ்டார்பக்ஸ் 'சுதாபா' ஆனது. மிஸ்டர் டோனட் 'மிசுடோ' ஆனது. நீண்ட அயற்சொல்லை மூன்று நான்கு மாத்திரைக்குள் வெட்டிக்கொள்வது அம்மொழியின் நிலைத்த வழக்கம். எனவே ஒரு பெயரை ஆராய்பவர் முழுப் பெயரோடு நின்றுவிடக் கூடாது. அதன் முதல் இரண்டு மூன்று மாத்திரைகளைத் தனியே எடுத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். கடைசியில் புழங்கப்போவது அந்தத் துண்டுதான்.

ஒலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது இன்னும் பெரிய சிக்கல். ஆங்கிலத்தின் இருவகை ல, ர ஒலிகள் கத்தகானாவில் ஒன்றாகிவிடும். தமிழ்ப் பெயரானால் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தும் பெரும்பாலும் ஒரே எழுத்து வரிசையில் அடங்கிவிடும். வகர ஒலியும் பேச்சில் பகரத்தின் பக்கம் சாயும். கலா என்ற பெயரில் ஒரு கடை தொடங்குவதாகக் கொள்வோம். இறுதி நெடிலைக் காத்து எழுதினால் அது 'நிறம்' என்ற பொருளில் ஜப்பானியர் வழங்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒன்றாகிவிடும். நெடிலைக் கவனிக்காமல் குறிலாக எழுதினால் 'கர'; வெறுமை, உள்ளீடற்றது என்று பொருள். கரவோக்கே என்ற சொல்லின் முற்பாதி அதுவே. ஒரு மாத்திரை வேறுபாட்டில் வண்ணம் வெறுமையாகிவிடுகிறது. பெயரின் பொருள் வைத்தவரின் மனத்தில் இருக்கலாம். அதன் விளைவு கேட்பவரின் காதில்தான் இருக்கிறது.

இந்த ஆபத்தை ஜப்பானிய நிறுவனங்களே நன்கு அறிந்திருந்தன. 1930-களின் தொடக்கத்தில் டாட் என்ற காரின் வழித்தோன்றலாக வந்த சிறிய காருக்கு, 'டாட்டின் மகன்' என்ற ஆங்கிலப் பொருளில் டாட்சன் என்று பெயரிட்டார்கள். 'சொன்' என்ற ஒலி ஜப்பானிய மொழியில் நட்டத்தைக் குறிக்கும் என்பதால், சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு ஈற்றெழுத்துகளை மாற்றினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, டோக்கியோ சூஷின் கோக்யோ என்ற மின்னணு நிறுவனம் அயல்நாட்டவர் நாவிலும் எளிதாக வரும் ஒரு பெயரைத் தேடியது. இலத்தீனில் ஒலியைக் குறிக்கும் சொல்லையும் 'சன்னி' என்ற ஆங்கிலச் செல்லச் சொல்லையும் சேர்த்துப் பார்த்தபோது அதே 'சொன்' மீண்டும் தலைகாட்டியது. ஓர் எழுத்தைக் குறைத்து 'சோனி' என்றார்கள். 1955-இல் பொருள்களில் ஏறிய அப்பெயர் 1958-இல் நிறுவனத்தின் பெயராகவும் ஆனது. அயல்நாட்டுச் சந்தையைக் குறிவைத்த பெயரைக்கூட உள்நாட்டுக் காதில் சோதித்தவர்கள் அவர்கள். அப்படியிருக்க, உள்நாட்டுச் சந்தையையே நம்பிவரும் அயல்நாட்டவர் அச்சோதனையைத் தவிர்க்க எந்த நியாயமும் இல்லை.

சட்டம் தரும் உரிமையும் தராத பாதுகாப்பும்

2002 நவம்பர் வரை ஜப்பானில் ரோமன் எழுத்தில் நிறுவனப் பெயரைப் பதிவு செய்ய முடியாமல் இருந்தது. அந்த ஆண்டு விதி மாறியது. ரோமன் எழுத்துகளும் எண்களும், அவற்றோடு 'அண்ட்' குறி, 'அபாஸ்ட்ரஃபி' குறி, காற்புள்ளி, சிறுகோடு, முற்றுப்புள்ளி, நடுப்புள்ளி ஆகிய ஆறு குறிகளும் அனுமதிக்கப்பட்டன. 2006 மே மாதம் நடைமுறைக்கு வந்த நிறுவனச் சட்டம், ஒரே நகராட்சிக்குள் ஒரே தொழிலில் ஒத்த பெயர் இருக்கக் கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டையும் நீக்கிவிட்டது. இன்று அதே முகவரியில் அதே பெயர் என்ற நிலை மட்டுமே பதிவு அலுவலகத்தால் தடுக்கப்படுகிறது. வங்கி அல்லாதவர் பெயரில் வங்கி என்று சேர்க்க முடியாது; தவறான நோக்கத்தோடு இன்னொரு நிறுவனமோ என்று மயங்கவைக்கும் பெயரை வைத்துக்கொள்ளவும் முடியாது. இவை போன்ற சில வரம்புகளுக்குள் பெயர் வைப்போர்க்குப் பரந்த உரிமை உண்டு.

இந்தத் தாராளத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பதிவு அலுவலகம் ஏற்றுக்கொண்டதாலேயே பெயர் தமக்குச் சொந்தமாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். கட்டுப்பாடு தளர்ந்ததன் மறுபக்கம், பதிவு தரும் பாதுகாப்பும் சுருங்கிவிட்டது என்பதே. பக்கத்துத் தெருவில் அதே பெயரில் இன்னொருவர் பதிவு செய்துகொள்ளலாம். பெயரைக் காக்கும் பொறுப்பு வணிகச் சின்னச் சட்டத்தின் மேல் விழுகிறது. முதலில் பயன்படுத்தியவருக்கு அல்லாமல் முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை என்பது அங்குள்ள அடிப்படை விதி. இரண்டு சின்னங்கள் ஒத்தவையா என்பதைத் தோற்றம், ஒலி, பொருள் என்ற மூன்றையும் வைத்து எடைபோடுகிறார்கள். இங்கேதான் கத்தகானா மீண்டும் வருகிறது. ஒளியைக் குறிக்கும் 'லைட்', சரி என்பதைக் குறிக்கும் 'ரைட்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் ஜப்பானிய உச்சரிப்பில் 'ரைட்டோ' என்ற ஒன்றே. ஆங்கிலப் பட்டியலில் தேடி 'இப்படியொரு பெயர் யாரிடமும் இல்லை' என்று மகிழ்ந்தவர், ஒலியால் ஒத்த பெயர் முன்பே பதிவாகியிருப்பதைப் பின்னர் கண்டு திகைக்கக்கூடும். காப்புரிமைத் துறை சார்ந்த ஜே-பிளாட்பாட் தரவுத்தளத்தில் ஒலியை வைத்துத் தேடும் வசதி உண்டு, கட்டணமும் இல்லை. பெயர்ப்பலகை எழுதக் கொடுக்கும் முன் அதில் ஒரு மணி நேரம் செலவிடுவது பின்னால் வரும் வழக்கைத் தடுக்கும்.

ரோமன் எழுத்துக்கு அனுமதி வந்ததால் கத்தகானாவின் தேவை போய்விடவும் இல்லை. 2018 மார்ச் முதல் பதிவு விண்ணப்பத்தோடு பெயரின் கத்தகானா உச்சரிப்பையும் தர வேண்டும். தேசிய வரித்துறை 13 இலக்க நிறுவன எண்ணோடு அதை வெளியிடுகிறது. வங்கிகளிடையே பணம் செல்லும்போது கணக்கின் பெயர் கத்தகானாவில்தான் செல்கிறது. கடையில் ரசீது கேட்கும் ஊழியர் தம் நிறுவனத்தின் பெயரை வாயால் சொல்கிறார். கடைக்காரர் அதைக் கையால் எழுதுகிறார். தொலைபேசியை எடுப்பவர் முதலில் சொல்வதும் நிறுவனப் பெயரே. இந்த இடங்களில் எல்லாம் சின்னத்தின் அழகுக்கோ ஆங்கில எழுத்தின் புதுமைக்கோ வேலையில்லை. ஒருவர் சொல்ல மற்றவர் பிழையின்றி எழுத முடிகிறதா என்பது ஒன்றே கேள்வி.

நிறுவன வகையும் பெயரின் பகுதியே. கபுஷிகி கைஷா என்ற பங்கு நிறுவனத்துக்குப் பதிவு உரிம வரி குறைந்தது 1,50,000 யென்; கோடோ கைஷா என்ற எளிய வடிவத்துக்கு 60,000 யென். ஆப்பிள், அமேசான், கூகுள் ஆகியவற்றின் ஜப்பானிய நிறுவனங்கள் இரண்டாம் வடிவத்தையே கொண்டிருப்பதால் அது தாழ்ந்தது என்று கொள்ளத் தேவையில்லை. ஆனால் அந்த மூன்றுக்கும் அறிமுகம் தேவைப்படவில்லை. எளிய வடிவத்தின் தலைவர் 'தைஹ்யோ ஷாயின்' என்ற பட்டத்தைத்தான் சட்டப்படி பெறுகிறார். அன்றாடப் பேச்சில் ஷாயின் என்பது ஊழியரைக் குறிக்கும் சொல். பிற நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்து வாழ வேண்டிய புதியவர், வரியில் மிச்சமாகும் 90,000 யென்னை இந்தக் குழப்பத்தோடு ஒப்பிட்டு முடிவெடுப்பது நல்லது. வகைச் சொல் பெயருக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா என்பதையும் உறுதியாகத் தீர்மானித்து எல்லா இடத்திலும் ஒரேமாதிரி எழுத வேண்டும். ஜப்பானியக் கணக்காளர் அதைக் கேட்டுத்தான் எழுதுவார்.

ஜப்பானியப் பெயரே வைத்துவிட்டால் என்ன?

இவ்வளவு இடர் இருக்க, நல்லதொரு ஜப்பானியச் சொல்லையே பெயராக வைத்துவிடலாமே என்ற எதிர்வாதம் இயல்பாக எழும். நம்பிக்கையும் கூடும், உச்சரிப்புச் சிக்கலும் இராது என்பது இதன் வலு. பெயர் உண்மையைச் சொல்லும்வரை இதில் தவறில்லை. ஆனால் ஜப்பானிய நிறுவனங்களே எந்தத் திசையில் போகின்றன என்று பார்க்க வேண்டும். மட்சுஷிதா மின் தொழில் நிறுவனம் 2008-இல் பானாசோனிக் ஆனது. அசாஹி கண்ணாடி நிறுவனம் 2018-இல் மூன்று ரோமன் எழுத்துகளுக்குள் அடங்கியது. நிப்பொன் சுய்சான் என்ற மீன்பிடி நிறுவனம் 2022 இறுதியில் கத்தகானாவில் 'நிஸ்ஸுய்' என்று மாறிக்கொண்டது. ஜப்பானியச் சந்தையில் மதிப்புப் பெறக் கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்தில் பெயர் வேண்டும் என்ற காலம் கடந்துவிட்டது. மறுபுறம், இல்லாத ஜப்பானியத்தன்மையைப் பெயரால் உடுத்திக்கொள்வது நம்பிக்கையின் வேரையே அரிக்கும். சீனாவில் 2013-இல் பிறந்த மினிசோ, நெடுநாள் தன்னை ஜப்பானிய வடிவமைப்பு நிறுவனமாகக் காட்டிக்கொண்டது. 2022-இல் சொந்த நாட்டிலேயே அதற்குக் கண்டனம் எழ, மன்னிப்புக் கேட்டு அந்த அடையாளத்தைக் களைய வேண்டியதாயிற்று. இரவல் அடையாளம் எங்கே கேள்விக்குள்ளாகும் என்பதை அதை உடுத்தியவர் முன்கூட்டி அறிய முடியாது.

அயற்பெயர் அயற்பெயராகவே ஜப்பானியர் மனத்தில் இடம்பிடித்ததற்கு நல்ல சான்றுகள் உண்டு. முதல் உலகப் போரில் சீனாவின் சிங்தாவில் பிடிபட்டு ஜப்பானுக்குக் கைதியாகக் கொண்டுவரப்பட்ட ஜெர்மானியர் கார்ல் யூஹைம், 1919-இல் ஹிரோஷிமாவில் நடந்த கண்காட்சியில் பௌம்குகென் என்ற அடுக்குக் கேக்கைச் சுட்டுக் காட்டினார். 1922-இல் யோகோஹாமாவில் கடை திறந்தார். மறு ஆண்டு பெரும் நிலநடுக்கம் அதை அழிக்க, கோபே நகரில் மீண்டும் தொடங்கினார். 'யூஹைம்' என்ற அவருடைய குடும்பப் பெயர் இன்றும் ஜப்பானின் இனிப்புக் கடைகளில் மின்னுகிறது. நம் பக்கத்துச் சான்று கேரளத்தைச் சேர்ந்த ஏ. எம். நாயர். கியோட்டோவில் படித்து, ராஷ் பிஹாரி போஸோடு இந்திய விடுதலைக்குப் பாடுபட்டவர். 1949-இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் தம் பெயராலேயே உணவகம் திறந்தார். கத்தகானாவில் அது 'நய்ரு'; நைல் நதிக்கு ஜப்பானியர் எழுதும் எழுத்துகளும் அவையே. சிறிய பெயர், தெரிந்த ஒலி, பின்னால் 'ரெஸ்டாரண்ட்' என்ற தெளிவான தொழிற்சொல். ஒரு தலைமுறைக்கும் மேல் அக்கடை அதே பெயரில் நிற்கிறது. இரண்டு பேரும் தம் பிறப்பை மறைக்கவில்லை. நாவுக்கு அடங்கும் வடிவத்தில் அதைக் கொடுத்தார்கள்.

குடும்பப் பெயரை நிறுவனத்துக்குத் தருவோர் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். ரஷ்யாவிலிருந்து வந்த மோரோசோஃப் குடும்பத்தார் 1931-இல் ஜப்பானியக் கூட்டாளியோடு சேர்ந்து கோபேயில் சாக்லேட் நிறுவனம் தொடங்கினார்கள். கூட்டு முறிந்து வழக்கானது. முடிவில் நிறுவனமும் பெயரும் மறுதரப்பிடம் தங்கிவிட, மோரோசோஃப் குடும்பம் தன் பெயரைச் சொல்லித் தொழில் செய்ய முடியாமல் போயிற்று. பின்னர் 'காஸ்மோபாலிடன்' என்ற வேறு பெயரில் அவர்கள் சாக்லேட் விற்றார்கள். மோரோசோஃப் நிறுவனம் இன்றும் கோபேயில் இயங்குகிறது. உள்ளூர்க் கூட்டாளி இல்லாமல் அயல்நாட்டவர் தொழில் நடத்துவது கடினம். ஆனால் பெயருக்கான வணிகச் சின்ன உரிமை யாருடையது, பிரிந்தால் யாரிடம் போகும் என்பதை முதல் நாளே எழுத்தில் வைக்காத கூட்டு இப்படி முடியலாம்.

ஜப்பானியப் பெயர் வேண்டாம் என்பதற்காக ஜப்பானியச் சொல்லே வேண்டாம் என்று பொருளல்ல. இன்று ஐபிஎம் என்று அறியப்படும் நிறுவனத்தின் ஜப்பானியக் கிளை 1937-இல் 'நிஹோன் வாட்சன் புள்ளியியல் கணக்கியல் இயந்திர நிறுவனம்' என்ற பொருள் தரும் நீண்ட பெயரோடு பிறந்தது. 1950-இல் அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் முழுப் பெயரைக் கத்தகானாவில் ஏற்றது. 1959-இல் மூன்றெழுத்துச் சுருக்கத்துக்கு வந்தது. யாருக்கும் தெரியாத காலத்தில் பெயரே தொழிலை விளக்கியது. தெரிந்த பிறகு விளக்கம் உதிர்ந்தது. 2014-இல் மிட்சுபிஷியோடு சேர்ந்த டாடா கன்சல்டன்சியும் 'நிஹோன் டாடா' என்றே பெயர் சூட்டிக்கொண்டது. 'நிஹோன்' என்ற முன்னொட்டு 'நாங்கள் ஜப்பானியர்' என்று சொல்லவில்லை. இங்கே அலுவலகமும் பொறுப்பும் உண்டு என்று சொல்கிறது. புதிய சிறு நிறுவனத்துக்கு ஏற்ற வாய்பாடு இதுவே: நாவுக்கு எளிய அயற்பெயர் ஒன்று, அதோடு என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லும், ஜப்பானியர் புழங்கும் தொழிற்சொல் ஒன்று.

இளைஞர்க்கு ஆங்கிலம் தெரியாதா?

இரண்டாம் எதிர்வாதம், இன்றைய ஜப்பானிய இளைஞர் ரோமன் எழுத்தை அன்றாடம் படிக்கிறார்கள், ஆகவே ஆங்கிலப் பெயரே போதும் என்பது. எழுத்தைப் படிக்கத் தெரிவதும் ஒரு பெயரை எப்படிச் சொல்வது என்று தெரிவதும் ஒன்றல்ல. தைவானின் ஏசுஸ் கணினி நிறுவனத்தின் நான்கு ரோமன் எழுத்துகளை ஜப்பானில் ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள். 2012-இல் 'எய்சூசு' என்ற உச்சரிப்பே முறையானது என்று அந்நிறுவனம் அறிவிக்க வேண்டியிருந்தது. நெஸ்லே ஜப்பானில் நெடுங்காலம் 'நெஸ்ஸுரு'. 1994-இல்தான் 'நெசுரே' ஆனது. தென்கொரியாவின் ஹூண்டாய் 2009-இல் ஜப்பானியக் கார் சந்தையை விட்டு விலகி, 2022-இல் திரும்பியபோது, கொரிய உச்சரிப்புக்கு நெருங்கிய 'ஹ்யோன்டே' என்ற புதிய கத்தகானா வடிவத்தோடு வந்தது. பிந்திய மாற்றம் தாய்மொழி ஒலிக்குச் செய்த மரியாதை, வரவேற்கத்தக்கது. ஆனால் மூன்று நிகழ்வுகளும் காட்டுவது ஒன்றுதான். உச்சரிப்பை நிறுவனம் தானே தீர்மானிக்காவிட்டால் ஊர் தீர்மானித்துவிடும். பிறகு திருத்தப் பெரும் விளம்பரச் செலவு வேண்டும்.

மூன்றாம் எதிர்வாதம் இன்னும் அடிப்படையானது. பொருள் நன்றாக இருந்தால் பெயர் எதுவானாலும் விற்கும். ஃபோல்க்ஸ்வாகன் போன்ற நீண்ட பெயர்கூட வேரூன்றவில்லையா என்று கேட்கலாம். வேரூன்றியது உண்மை. ஆனால் பத்தாண்டுகள் விளம்பரம் செய்து ஒரு பெயரைக் கற்பிக்கும் பணம் அந்நிறுவனங்களிடம் இருந்தது. வென்றவற்றின் பெயர்களே நம் கண்ணில் படுகின்றன. யாரும் உச்சரிக்க முடியாமல் மறைந்துபோன சிறு கடைகளின் பெயர்களுக்குப் பட்டியல் இல்லை. பெயரைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஆறுதலும் முழு உண்மையல்ல. பதிவில் பெயர் மாற்ற உரிம வரி 30,000 யென் மட்டுமே. அதன் பின்னால் முத்திரை, வங்கிக் கணக்கு, ஒப்பந்தங்கள், மெய்ஷி எனப்படும் முகவரி அட்டைகள், பெயர்ப்பலகை என்று எல்லாம் மாறியாக வேண்டும். நீண்ட கால உறவை மதிக்கும் ஜப்பானிய வாடிக்கையாளர், திடீரெனப் பெயர் மாறினால் உரிமையாளர் மாறிவிட்டாரோ என்றும் ஐயுறுவார். நல்ல பொருள் இருப்பவருக்குத்தான் நல்ல பெயர் மிகவும் தேவை. அந்தப் பொருளைப் பற்றி ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல அந்தப் பெயர்தான் வழி.

இந்தியப் பெயர்களுக்கு ஒரு சொல்

இந்தியாவிலிருந்து செல்வோர்க்கு இதில் தனிக் கவனம் தேவை. நம் நாட்டில் மதிப்புள்ள 'குரு' என்ற சொல், ஜப்பானியப் பேச்சில் சதிக்கு உடந்தையானவரைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் ஒன்றுபடுகிறது. அதைவிடக் கடுமையானது வேறொரு நினைவு. 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்யோ அமைப்பினர் தம் தலைவரைக் 'குரு' என்றே அழைத்தார்கள்; வடமொழிச் சமயச் சொற்களைத் தாராளமாகப் புழங்கினார்கள். யோகப் பயிற்சியோ மூலிகை மருந்தோ விற்கப் போகிறவர் ஆன்மிகச் சொல்லைப் பெயரில் ஏற்றும் முன், அக்காலத்தை நினைவில் வைத்திருக்கும் ஜப்பானியர் சிலரிடம் கேட்டுப் பார்ப்பது கடமை.

இதனால் இந்தியச் சொற்கள் அனைத்தும் விலக்கத்தக்கவை என்று ஆகாது. ஜப்பானின் மிகப் பழைய பால் பானங்களில் ஒன்றான கல்பிஸ் 1919-இல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய மிஷிமா கைஉன், கால்சியம் என்பதன் முதற்பகுதியையும் நெய்யைக் குறிக்கும் 'சர்பிஸ்' என்ற வடசொல்லின் பிற்பகுதியையும் இணைத்தார். வேறு வடிவங்களும் எண்ணத்தில் இருந்தன. எது நன்றாக ஒலிக்கிறது என்று இசையமைப்பாளர் யமதா கோசாக்குவிடம் கேட்டுத்தான் முடிவு செய்தார். வேறு மண்ணின் சொல் ஒரு நூற்றாண்டாக ஜப்பானியரின் அன்புக்குரிய பெயராக இருப்பதற்கு அந்தச் சோதனை ஒரு காரணம். அதே பானம் அமெரிக்காவுக்குப் போனபோது, ஆங்கிலக் காதில் பெயர் அருவருப்பாக ஒலித்ததால், 'கல்பிகோ' என்று மாற்றிக்கொண்டது. வாடிக்கையாளரின் காதுக்கேற்பப் பெயரைத் திருத்துவதில் ஜப்பானியருக்கு இழிவு தோன்றவில்லை. நமக்கும் தோன்ற வேண்டியதில்லை. சென்னையில் வேரூன்றிய அட்வென்ட்நெட், 2009-இல் ஜோஹோ ஆனது. அதன் யோகோஹாமா நிறுவனம் இன்று 'ஜோஹோ ஜப்பான்'. முன்னைய பெயரை எழுத மெய்யும் உயிருமாகப் பல எழுத்துகள் தேவை. புதிய பெயர் இரண்டே நெடில், எந்த ஒலியும் சிதைவதில்லை. ஜப்பானை எண்ணி வைத்த பெயரா என்பது இங்கே முதன்மையல்ல. உயிரில் முடியும் குறுகிய பெயர்கள் எல்லை கடக்கும்போது இழப்பது குறைவு என்பதே கற்க வேண்டியது.

ஆகவே ஜப்பானில் தொழில் தொடங்க நினைக்கும் நம்மவர் செய்ய வேண்டியது இது. எண்ணிய பெயர்களைக் கத்தகானாவில் எழுதுங்கள். நான்கைந்து மாத்திரைக்கு மேல் போனால் எப்படிச் சுருங்கும் என்று பாருங்கள். பின்னணி எதுவும் சொல்லாமல் ஜப்பானியர் ஒருவரிடம் தொலைபேசியில் சொல்லி, அவர் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். கேட்டதும் எந்தச் சொல் நினைவுக்கு வந்தது என்று வெவ்வேறு வயதினரிடம் கேளுங்கள். ஒலியால் ஒத்த வணிகச் சின்னம் உண்டா என்று தேடி, இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். கூட்டாளி இருந்தால் பெயரின் உரிமையை எழுத்தில் வையுங்கள். எங்கிருந்து வந்தீர்கள் என்பதைப் பெயரில் மறைக்காதீர்கள். என்ன தருகிறீர்கள் என்பதைப் பக்கத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். இந்தச் சோதனைகளில் ஒன்றிலேனும் தோற்ற பெயர், உங்கள் மொழியில் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஜப்பானியப் பதிவு அலுவலகத்தின் வாசலுக்குப் போகத் தகுதியற்றது.